ஸ்கேட் வாங்கப் போறியளோ?

கேள்வி: பாவர் கம்பனியில் வேப்பரா, சுப்ரீமா? இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு மகன் முழிக்கிறான்.
— ஹொக்கி அம்மா, மார்க்கம்

பதில்: முன்பென்றால் சுலபம். ஒடுங்கின காலுக்கு வேப்பர், நடுத்தரத்துக்கு சுப்ரீம், அகலக் காலுக்கு நெக்சஸ் என்று கடைக்காரர் காலைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். 2020 அளவில் பாவர் அந்தக் கணக்கைக் கலைத்தது. நெக்சஸ் ஸ்கேட் போய்விட்டது. இப்போது வேப்பரிலும் சுப்ரீமிலும் ஃபிட் 1, 2, 3 என்று மூன்று வடிவம். 1 ஒடுக்கம், ஆழமும் குறைவு. 3 அகலம், மேற்பாதத்துக்கும் இடமுண்டு. சி.சி.எம்.காரரும் டேப்பர்ட், ரெகுலர், வைட் என்று இதையே வேறு பெயரில் விற்கிறார்கள். ஆகவே முதலில் வடிவம், பெயர் பிறகு. சட்டென்று வெட்டித் திரும்புகிறவருக்கு வேப்பர், நீட்டி உந்துகிறவருக்கு சுப்ரீம் என்பது விளம்பரப் பேச்சு. உங்கள் மகன் எந்த வகை என்று அவனுடைய கோச்சுக்கே இன்னும் தெரிந்திராது.

கேள்வி: எனக்கு 9ஆம் நம்பர் சப்பாத்து. கடையில் ஏழரை ஸ்கேட்டைத் தருகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
— ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: இல்லை, சரியாகத்தான் தருகிறார்கள். ஸ்கேட் நம்பர் சப்பாத்து நம்பரைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகவே வரும். குதிக்காலைப் பின்னுக்குத் தட்டி இருத்தி, லேஸ் கட்டி எழும்பி நில்லுங்கள். பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல் தானாகப் பின்வாங்க வேண்டும். மடித்த பிறகும் இடித்தால் சிறிது. முன்னே பின்னே நகர்ந்தால் பெரிது. கடைப் பெடியன் பாவம், விட்டுவிடுங்கள்.

கேள்வி: வளருகிற பிள்ளை. இரண்டு நம்பர் பெரிதாக எடுத்தால் என்ன?
— சிக்கனவாதி, ஸ்காபரோ

பதில்: பள்ளிக்கூடச் சட்டைக்கு அது சரி, கை நீளம் என்றால் மடித்துவிடலாம். ஸ்கேட்டை எங்கே மடிப்பது? உள்ளே குதிக்கால் மேலெழும்பும், கணுக்கால் உள்பக்கம் சரியும், பிள்ளை பலகையைப் பிடித்துக்கொண்டே சீசனை முடிக்கும். அரை நம்பர் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். லேஸைத் தளர்த்தி, காலை முன்னுக்குத் தள்ளி, முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் போனால் போதும். இரண்டு விரல் போனால் பெட்டியை மூடுங்கள். பாவித்த ஸ்கேட் விற்கும் கடைகள் இருக்கின்றனவே, சிக்கனத்தை அங்கே காட்டுங்கள்.

கேள்வி: மக்டேவிட் போடுவது போன்ற சி.சி.எம். வேண்டும் என்று அடம்பிடிக்கிறான்.
— நொந்த அப்பா, பிரம்ப்டன்

பதில்: அந்த மட்டத்து வீரருக்குக் காலை அளந்தே செய்து கொடுப்பார்கள். கடையில் ஆயிரம் டொலருக்கு மேல் தொங்குகிற உச்ச மாடல், பெரிய உடம்பு வேகமாகத் திரும்பும்போது வளையாமல் நிற்க வேண்டும் என்று விறைப்பாகச் செய்தது. முப்பது கிலோப் பிள்ளையால் அதை மடக்கவே முடியாது. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்காலும் மடங்காது, மரக்கட்டை மாதிரி நிமிர்ந்து நின்றே ஓடும். நடுத்தர மாடல் எடுங்கள். மகனுக்கு மக்டேவிட்டின் 97ஆம் இலக்க ஜேர்சி வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.

கேள்வி: கடையில் ஸ்கேட்டுக்கு மேலே பென்சிலை வைத்துப் பார்த்தார்கள். சாத்திரமா?
— பெயர் வேண்டாம்

பதில்: சாத்திரந்தான், ஆனால் பலிக்கிற சாத்திரம். லேஸ் கட்டாமல் நாக்கை முன்னே இழுத்துவிட்டு, மேலிருந்து மூன்றாவது துளைச் சோடிக்குக் குறுக்கே பென்சிலை வைப்பார்கள். இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தால் ஆழம் போதும். மேற்பாதத்தில் முட்டி ஆடினால் உங்கள் கால் பூட்ஸைவிட உயரம். லேஸ் நரம்பை அழுத்தும், இரண்டாவது பீரியட்டில் கால் விறைக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. பென்சில் ஆடியதைப் பார்த்தும் ‘நிறம் நல்லது’ என்று வாங்கினேன். அந்த நல்ல நிறம் இப்போது கராஜில் தொங்குகிறது.

கேள்வி: புது ஸ்கேட் காலுக்கு அமைய அதை அவனில் வைத்துச் சூடாக்க வேண்டுமாமே? வீட்டில் செய்யலாமா?
— சமையல் தெரிந்தவர்

பதில்: கேக் வேகுமளவு சூட்டில் ஸ்கேட் பழுதாகிவிடும். கடை அவனில் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ், சில நிமிடந்தான். வீட்டு அவனில் கம்பிக்குப் பக்கத்திலிருக்கும் பகுதி அதைவிட எவ்வளவோ கொதிக்கும். கடையிலேயே செய்வியுங்கள். பெரும்பாலும் இலவசம். சூட்டோடு லேஸ் கட்டும்போது பார்த்து இழுங்கள், இல்லையென்றால் துளை வளையம் கழன்று கையோடு வரும். ஆறும் வரை எழும்பி நடக்கவேண்டாம்.

கேள்வி: புது ஸ்கேட் வாங்கினேன். ஐஸில் வாழைப்பழத் தோலில் நிற்பது போலிருக்கிறது.
— விழுந்தவர்

பதில்: தீட்டினீர்களா? புது பிளேட் பெரும்பாலும் தீட்டாமலே வரும். பிளேட்டின் அடிப்பக்கத்தில் நடுவே ஒரு குழிவு ஓட வேண்டும், இரண்டு ஓரமும் அதனால்தான் ஐஸைக் கடிக்கும். பெரும்பாலான கடைகள் அரை அங்குல ஆரத்தில் தீட்டும். எண் குறையக் குறைய குழிவு ஆழமாகும், பிடிப்புக் கூடும், வழுக்கு குறையும். உடம்பு கொஞ்சம் கனமென்றால் எட்டில் ஐந்து கேட்டுப் பாருங்கள், அதாவது 5/8.

கேள்வி: சி.சி.எம். என்றால் என்ன?

பதில்: கனடா சைக்கிள் அன்ட் மோட்டர். 1899இல் சைக்கிளோடு தொடங்கி, 1905இல் ஸ்கேட்டுக்கு வந்தார்கள். கனடாவில் ஆறு குளிர்காலம் சைக்கிள் விற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: ஹொக்கி வீரர் பொபி ஓர் சொக்ஸ் இல்லாமல் ஸ்கேட் ஓடினாராமே, நானும் ஓடலாமா?

பதில்: ஓடலாம். ஸ்கேட் பையைக் காருக்குள் வைக்காதீர்கள்.