சட்டம் தன் கடமையைச் செய்யும்!

கேள்வி: வீட்டில் கிடக்கும் பழைய பொருளில் போட்டோவுக்குச் சட்டம் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? (ஆட்டையாம்பட்டி)

பதில்: பரணில். கடையில் 'பழசு மாதிரி இருக்கிற புதுசு' தேடினால், அதற்குப் பெயர் செலவு.

கேள்வி: முறுக்கு அச்சைச் சட்டமாக்கலாமா? (ஆட்டையாம்பட்டி)

பதில்: ஆட்டையாம்பட்டியில் இருந்துகொண்டு அச்சைக் கேட்கிறீர்களே அம்மிணி! உங்கள் ஊர் கை முறுக்குக்கு விரல்தான் அச்சு. முறுக்குப் போட்டுவைக்கும் தகர டின்னின் மூடியை எடுங்கள். மடித்த விளிம்பே வட்டச் சட்டம். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துலக்குங்கள். இல்லாவிட்டால் தாத்தா படத்தைத் தேடி எறும்பு வரும்.

கேள்வி: தறியைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டோம். ஜக்கார்டு அட்டைகளை எடைக்குப் போடலாமா? (இளம்பிள்ளை)

பதில்: வேண்டவே வேண்டாம். 1839இல் பிரான்ஸின் லியோன் நகரில், அந்த அட்டைகளால் ஓடும் தறிப்பொறியைத் தந்த ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள்! பார்த்தவர்கள் அச்சுப்படம் என்றே நினைத்தார்கள். கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். அட்டையில் ஓட்டை இருந்தால் தறிக்கு ஒரு கட்டளை, இல்லாவிட்டால் இன்னொன்று. அந்தக் கணக்கைத் தம் எந்திரத்துக்கும் எடுத்துக்கொண்டார்.

உங்கள் அப்பா ஓட்டிய தறியின் அட்டையை நாலு பக்கமும் வைத்து, பின்னால் சிவப்புத் துணி கொடுத்து, நடுவில் அவர் படத்தை வையுங்கள். எந்தக் கடையிலும் இந்தச் சட்டம் கிடைக்காது.

கேள்வி: அம்மாவின் கூறைப்பட்டில் ஜரிகைக் கரையை வெட்டி ஒட்டலாமா? (திருச்செங்கோடு)

பதில்: கிழிந்த சேலையென்றால் தாராளமாக. 1894இல் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்குத் துணியும் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிப் புடவை உடுத்தியவர்கள் நம் முன்னோர். ஆனால் அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளி சுற்றித் தங்கமுலாம் பூசியது. நல்ல சேலையை அம்மாவைக் கேட்காமல் வெட்டினால், சட்டத்துக்குள் போவது உங்கள் படம்!

கேள்வி: முட்டை அட்டை ஆகுமா? (நாமக்கல்)

பதில்: ஒவ்வொரு குழியும் ஒரு பூ. வெட்டி, சாயம் தீட்டி, சுற்றிலும் ஒட்டுங்கள். முட்டை உடைந்து வழிந்த அட்டை மட்டும் வேண்டாம். பூவுக்கு அந்த வாசனை ஆகாது.

கேள்வி: மைதாப் பசையில் ஒட்டியதைப் பூச்சி தின்றுவிட்டதே? (ராசிபுரம்)

பதில்: சோறு போட்டால் சாப்பிடத்தானே செய்யும்? புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் துளி மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். அது விஷம், குழந்தைகள் பக்கம் போகக்கூடாது.

கேள்வி: பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிய்க்கவா? (மல்லசமுத்திரம்)

பதில்: ஐயோ, முகம் கண்ணாடியோடு வந்துவிடும்! அப்படியே ஸ்கேன் செய்து புதுப் பிரதி போடுங்கள். அடுத்த முறை ஓரத்தில் அட்டைக் கரை வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விடுங்கள். ஈரச் சுவரும் வெயில் விழும் சுவரும் ஆகாது.

கேள்வி: மாமியார் படத்துக்கு அழகாகச் சட்டம் செய்திருக்கிறேன். அவர் நலமாக இருக்கிறார். சுவரில் மாட்டலாமா? (வெண்ணந்தூர்)

பதில்: மாட்டுங்கள். மாலை மட்டும் போட்டுவிடாதீர்கள்.