கட்டைவிரல் பரீட்சை

பழைய சவரக்கத்தி ஒன்றின் கோணல் விளிம்பை நேர்செய்யும் முறையைச் சாங்கோபாங்கமாக விவரிப்பதென்ற சங்கற்பத்தோடுதான் பேனாவை எடுத்தேன். ஆயினும், நேற்று மாலை மும்பைச் செம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த அக்கிரமத்தைச் சொல்லித் தீர்த்தாலொழிய என் சித்தம் சாந்தியடையாது.

கத்தி, சோர் பஜாரில் வாங்கியது. 'சோலிங்கன்' என்ற முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது. அந்த ஊரில் செய்யாத கத்திக்கு அப்பெயரைச் சூட்டலாகாதென்று ஜெர்மானியர் 1938இல் சட்டமே இயற்றினார்கள். தேய்க்கலாகாதென்று ஒரு சட்டமும் இல்லை. சவரக்கத்தியின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிந்து, முதுகே கோணத்தை நிர்ணயிக்கவேண்டியிருக்க, முன்பு வைத்திருந்த மகானுபாவர் நடுப்பகுதியை மட்டும் பட்சபாதத்தோடு அழுத்தித் தீட்டியதில், முதுகும் தேய்ந்து, விளிம்பும் நடுவே குழிந்துவிட்டது. குழிவின் எல்லையை அறிய, விளிம்பு நெடுக மையைத் தடவிக் கல்லில் ஒருமுறை இழுக்கவேண்டும். மை அழியாத இடமே கல் தொடாத இடம். மையும் தடவியாயிற்று, கல்லும் நனைந்தாயிற்று. அந்தச் சுபமுகூர்த்தத்தில் மைத்துனர் வந்தார், கத்தியை எடுத்தார், கட்டைவிரலால் மையைத் துடைத்தார்.

"அத்திம்பேரே, இது மொண்ணை!"

அவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? கத்தி என்று ஒன்றைக் கண்டால் கட்டைவிரலை அதன்மேல் வைத்து, கண்ணைப் பாதி மூடி, ஒரு ஹூங்காரம் செய்து, உதட்டைப் பிதுக்காத தமிழன் மாதுங்காவிலும் இல்லை, மயிலாப்பூரிலும் இல்லை. அணு ஆராய்ச்சித் துறையில் நுண்ணளவைக் கருவிகளோடே ஆயுளைக் கழித்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டுப் பழகியவர், அவரும் விரலைத்தான் வைத்தார். அரிவாள்மணையில் அரைநூற்றாண்டு அனுபவமுள்ள மாடிவீட்டு மாமி விரலை வைத்து, "இதுல வெண்டைக்காய்கூட நறுக்க முடியாது" என்றார். நான் வெண்டைக்காய்க்குச் சவரம் செய்வதாக எவரிடமும் சொன்னதில்லை. பால்காரன் வைத்தான். சங்கத்துக்குச் சந்தா வசூலிக்க வந்தவர், ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வைத்தார். அபிப்பிராயங்கள் யாவும் வெவ்வேறு, விரல் ஒன்றே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டு வளர்த்த தாராவியில் கத்தி தீட்டும் தோல்வார் வாங்கப் போனபோது, அந்தக் கடைக்காரரும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்; அவர் அழுத்தியது தோலை, அது அவருடைய வித்தை. அதற்கு நான் ஆட்சேபிக்கவில்லை.

விரலை வைக்காத ஒரே மனிதர் மாதுங்காவின் முதிய சவரத் தொழிலாளி. விளிம்பை மேலே பார்க்கத் திருப்பி, டியூப்லைட்டின் அடியில் மெல்லச் சாய்த்தார். "நடுவுல மின்னுது பாருங்க சார், அங்க கூரே இல்ல" என்று சொல்லிவிட்டு, தமது மடக்குப்பிடியில் பாதி பிளேடை ஒடித்துச் செருகி, எனக்குச் சோப்பு நுரையைப் பூசலானார்.

தீட்டும் முறைக்கு இனி இங்கே இடமில்லை. வாசகர் வீட்டில் பாட்டனாரின் சவரக்கத்தி ஏதேனும் இருந்தால், விரலை மடக்கிக்கொண்டு விளக்கடியில் பிடித்துப் பாருங்கள்: விளிம்பில் வெள்ளைக்கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல்.