பெற்றோர்களே, மியூட்டில் இருங்கள்

காலை ஏழரைக்கு வாட்சப்பில் இணைப்பு வந்து விழும். எட்டு மணிக்குக் கூகுள் மீட். பத்து மணிக்குள் வருகைப் படிவத்தை நிரப்பி அனுப்பியாக வேண்டும். பெயர், வகுப்பு, என்ன கருவி, வீட்டில் இணைய வசதி உண்டா இல்லையா. இணையம் இல்லை என்பதை இணையத்தில் போய்த்தான் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை யோசித்து எழுதியவர் இந்நேரம் பதவி உயர்வு வாங்கியிருப்பார்.

இதற்கு நாம் வைத்த பெயர் இல்லிருப்புக் கற்றல். மலேசியக் கல்வி அமைச்சு வைத்த பெயர் பி.டி.பி.ஆர். 2020 மார்ச் 18-இல் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக் கதவுகள் மூடின. பிறகு திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்து மறுபடி மூடினார்கள். 2021 அக்டோபரில்தான் கட்டங்கட்டமாகப் பள்ளி மீண்டும் பள்ளியானது. மூடியது தப்பு என்று யாரும் சொல்லவில்லை. தொற்று பரவும்போது மூடத்தான் வேண்டும். மூடிய பள்ளியைத் தூக்கிக்கொண்டுபோய் யார் தலையில் வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

கிள்ளான் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா லாரி ஓட்டுகிறார். ஊர் அடங்கினாலும் துறைமுகம் அடங்காது, அதனால் அவருக்கு வேலை உண்டு. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட். உலகத்துக்கே கையுறை தேவைப்பட்ட நேரம், அவருக்கும் விடுப்பு இல்லை. வீட்டில் பாட்டி, மூன்று பிள்ளைகள், திரையில் விரிசல் விட்ட ஒரு பழைய போன். உருப்படியான போன் அப்பாவின் சட்டைப்பையில் பூலாவ் இண்டாவுக்கும் வடதுறைமுகத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. படிவம் மலாயில். பாட்டிக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"டீச்சர், இவனோட அப்பா ராத்திரிதான் வருவாரு. அப்பத்தான் போனு கைக்கு வரும்."

"பரவால்ல பாட்டி, ராத்திரியே அனுப்பச் சொல்லுங்க. நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன். இப்ப கொஞ்சம் மியூட்ல போடுங்க, மிக்சி சத்தம் கேக்குது."

ராத்திரி எட்டரைக்கு அப்பா வருகிறார். போன் கைமாறுகிறது. மூத்தவளுக்கு எஸ்.பி.எம். தேர்வு, அவளுக்கு முதலிடம். நடுவில் உள்ளவன் கணக்கு செய்து படம் பிடித்து அனுப்ப வேண்டும். கடைக்குட்டிக்கு உடற்கல்வி. ஸ்டார் ஜம்ப் இருபது குதித்து வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். பதினொன்றரைக்கு நான்காம் மாடியில் ஏழு வயதுப் பிள்ளை குதிக்கிறான். மூன்றாம் மாடிக்காரர் மேலே வந்து கதவைத் தட்டுகிறார். வீடியோ பாதி ஏறி நிற்கிறது. டேட்டா தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை அந்தப் பிள்ளை உடற்கல்விக்கு 'வரவில்லை'.

இப்படி எத்தனை வீடுகள்? கல்வி அமைச்சே ஆய்வு செய்தது. 2020-இல் ஏறக்குறைய ஒன்பது லட்சம் மாணவர்களைக் கணக்கெடுத்தார்கள். 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடு. மேசைக் கணினி 6 விழுக்காடு. கணக்கெடுத்தவர்களில் மட்டுமே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கட்சி சொன்ன எண் இல்லை இது. அமைச்சின் சொந்தக் கணக்கு. கையில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் இணையத்தில் பாடம் நடத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள்.

ஏழை நாடு, திடீர் நெருக்கடி, என்ன செய்வது என்று இரக்கப்படும் நல்லுள்ளங்கள் கொஞ்சம் பொறுக்கவும். இந்த நாடு கணினிக் கல்விக்காகச் செலவழித்ததுபோல் யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள். 1999-இல் 88 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கினோம், அதன் பெயர் விவேகப் பள்ளி. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்றார்கள், ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் லாரி லாரியாக வந்தன. 2011-இல் வந்ததுதான் எல்லாவற்றுக்கும் முடி சூட்டியது. ஒன்பெஸ்தாரிநெட். பதினைந்து ஆண்டுத் திட்டம். 407 கோடியே 70 லட்சம் வெள்ளி. ஒப்பந்தம் ஒய்.டி.எல். கம்யூனிகேஷன்ஸுக்கு. சுமார் பத்தாயிரம் பள்ளிகளுக்கு அதிவேக இணையம், அதன் மேல் மெய்நிகர் கற்றல் தளம் ஒன்று. அந்தத் தளத்துக்குப் பெயர் ஃபிராக். ஆமாம், தவளை.

மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்று எல்லாரும் அந்தத் தளத்தைப் பயன்படுத்துவார்கள் என்றார்கள். தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் 2013 அறிக்கை பார்த்துச் சொன்னது: பயன்பாடு 0.01 விழுக்காட்டிலிருந்து 4.69 விழுக்காடு வரை. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பூச்சியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. நாளிதழ்கள் எழுதின. நாம் தேநீர் குடித்துக்கொண்டே படித்தோம். 2019 நடுவில் திட்டம் பாதியோடு முடிந்தது. அடுத்த மார்ச்சில் பள்ளிகள் மூடின. வீட்டிலிருந்தும் படிக்கலாம் என்று கட்டிய தளம், வீட்டிலிருந்து படிக்க வேண்டிய நாள் வந்தபோது இல்லை. இருபது ஆண்டு ஒத்திகை பார்த்துவிட்டு, நாடகம் தொடங்கும் அன்று மேடையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சரி, அதன் பிறகாவது விழித்துக்கொண்டார்களா? விழித்தார்கள். முதலில் இல்லத்தரசிகளுக்கு அறிவுரை வந்தது. 2020 மார்ச் இறுதியில் மகளிர், குடும்ப மேம்பாட்டு அமைச்சு பதாகைகள் போட்டது. கணவரிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் டோரேமோன் குரலில் கொஞ்சிச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும்போதும் அலங்காரம் செய்துகொள்ளுங்கள். ஷிப்டும் முடித்து, மூன்று பிள்ளையின் பாடமும் முடித்து, வாடகை எப்போது என்று கேட்கும் பெண்ணுக்கு அரசாங்கம் அனுப்பிய ஆறுதல் இது. உலகமே சிரித்தது. அமைச்சு மன்னிப்புக் கேட்டது. உயர்கல்வி அமைச்சு சும்மா இருக்குமா? வீட்டில் அடைந்து கிடக்கும் மாணவர்களுக்கு டிக்டாக் போட்டி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதையும் சுருட்டி வைத்தார்கள்.

அடுத்து வந்தது வரவு செலவுத் திட்டம். 2020 நவம்பர் 6. செர்டிக் என்று ஒரு திட்டம்: 500 பள்ளிகளின் 1,50,000 மாணவர்களுக்கு மடிக்கணினி. கருவியே இல்லாத பிள்ளைகள் கணக்கெடுப்பிலேயே மூன்று லட்சத்துக்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கான 15 கோடி வெள்ளியும் அரசுக் கஜானாவிலிருந்து வரவில்லை. அரசு சார்பு நிறுவனங்கள் நன்கொடை தர வேண்டும். அதே வரவு செலவுத் திட்டத்தில் ஜாசா என்ற துறைக்கு 8 கோடியே 55 லட்சம். ஜாசா என்ன செய்யும்? அரசாங்கம் எவ்வளவு நல்ல அரசாங்கம் என்று நமக்கு எடுத்துச் சொல்லும். பிள்ளையின் மடிக்கணினிக்கு உண்டியல், அரசாங்கத்தின் புகழ்பாட்டுக்குக் கஜானா. மக்கள் கொதித்த பிறகு அதை 4 கோடியே 5 லட்சமாகக் குறைத்தார்கள். குறைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

மடிக்கணினிகள் 2021 பிப்ரவரியிலிருந்து வரும் என்றார்கள். ஆண்டின் நடுவிலும் பெரும்பாலான பள்ளிகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. உலகமெங்கும் சிப் தட்டுப்பாடாம். உண்மைதான். ஆனால் வாக்குறுதி தயாரிக்க சிப் தேவையில்லை, அதில் தட்டுப்பாடே வந்ததில்லை. அந்த பிப்ரவரி 17-ஆம் தேதி டிடிக் டிவி என்ற அலைவரிசையைப் பிரதமர் முகைதீன் யாசினே வந்து தொடக்கி வைத்தார். 1972-இலேயே கல்வித் தொலைக்காட்சி நடத்திய நாடு இது. அரை நூற்றாண்டு கழித்து, கோடி கோடியாய் இணையத்துக்குக் கொட்டியபின், மறுபடி தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார்கள்.

அதே வரவு செலவுத் திட்டத்தில் குறைந்த வருமானக்காரர்களுக்குத் தொலைத்தொடர்பு உதவி 180 வெள்ளி. ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 15. அதில் நான்காம் மாடியில் குதித்த பிள்ளையின் வீடியோ ஒரு வாரத்துக்கு ஏறும்.

சபாவில் பீத்தாஸ் பக்கம் ஒரு மாணவி தேர்வு எழுத லைன் தேடி மரத்தில் ஏறி ஒருநாள் முழுக்க இருந்தாள். நாடே பார்த்தது. சில மாதம் கழித்து இரண்டு துணையமைச்சர்கள் அவளுக்குத் தேர்வே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். ஒருவர் ஃபேஸ்புக்கில், மற்றவர் மேலவையிலேயே. பல்கலைக்கழகம் தேர்வு உண்டு என்றதும் இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். நாம் கோலாலம்பூர்க்காரர்கள், நமக்கு மரம் தேவையில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எந்த மூலையில் நின்றாலும் நான்கு கோடும் நிறைந்திருக்கும். லைன் இருக்கிறது, டாப்-அப் இல்லை. அதற்கு எந்த மரத்தில் ஏறுவது?

எல்லாவற்றிலும் எனக்கு வயிறு எரிந்தது ஒன்றில்தான். 2021 ஜனவரியில் அவசரநிலை. நாடாளுமன்றம் ஜூலை 26 வரை கூடவில்லை. இயங்கலையில் கூட்டினால் என்ன என்று கேட்டார்கள். முடியாது, விதிகளைத் திருத்த வேண்டும், ஏற்பாடுகளை ஆராய வேண்டும் என்று பதில் வந்தது. 222 உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் அலுவலகம், உதவியாளர், கையில் கருவி. அமைச்சர்களும் துணையமைச்சர்களுமாக எழுபது பேர் அளவில். இத்தனை பேராலும் ஒரு வீடியோ அழைப்பில் சேர்ந்து உட்கார முடியவில்லை. அதே ஆறு மாதத்தில் பள்ளி மூடியிருந்த நாளெல்லாம் முதலாம் ஆண்டுப் பிள்ளை, கையைத் தூக்கி, "டீச்சர் கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டு, பாட்டியின் உடைந்த திரையில் எழுத்துப் பழகினான். அவன் வராவிட்டால் வீட்டுக்கு விளக்கக் கடிதம் கேட்டு அழைப்பு வரும். அவர்கள் வராததற்கு யாரும் நம்மிடம் விளக்கம் சொல்லவில்லை.

நம்மவர்களை விட்டுவிட முடியுமா? நம் சங்கங்களும் கட்சிக் கிளைகளும் ஓடியோடி உதவின. ஒரு டேப்லட், அதைப் பிடித்தபடி பதினான்கு கைகள், பின்னால் டேப்லட்டைப்போல் நாற்பது மடங்கு பெரிய பதாகை. ஓரத்தில் வாங்கும் பிள்ளை, முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண் மட்டும். மறுநாள் பத்திரிகையில் பதினான்கு பேரின் பெயரும் பட்டத்தோடு வரும். பிள்ளையின் பெயர் வராது. அது ஒன்றுதான் நடந்த நன்மை.

பள்ளிகளை உண்மையில் நடத்தியவர்கள் படத்தில் இல்லை. பாடத்தை ஃபோட்டோஸ்டாட் எடுத்து, பிள்ளை பெயரெழுதி உறையில் போட்டு, வாசல் காவலாளி ஜாகாவிடம் வைத்துவிட்டுப் போன ஆசிரியைகள் அவர்கள். மையும் தாளும் பலருக்குச் சொந்தக் காசு. அதற்குப் பிறகு, பாடம் நடத்தியதற்கு ஆதாரமாக அவர்கள் படம் பிடித்து மேலிடத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மேலிடம் அதைத் திறந்து பார்த்ததா என்பதற்கு ஆதாரம் யாரும் கேட்கவில்லை.

விளைவு என்ன? 2020 மார்ச் முதல் 2021 ஜூலைக்குள் 21,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். இதுவும் அமைச்சு கொடுத்த எண்தான். விழுக்காட்டில் சொன்னால் ஒன்றுக்கும் கீழே வரும், பெரிதாகத் தெரியாது. கையுறைத் தொழிற்சாலை வாசலிலும் உணவு விநியோக மோட்டார் சைக்கிளிலும் போய் எண்ணினால் விழுக்காடு வராது, ஆட்கள் வருவார்கள். இதற்காக ஓர் அமைச்சர் பதவி விலகினாரா? ஓர் அதிகாரி இடம் மாற்றப்பட்டாரா? அரசாங்கங்கள் மாறின. அது வேறு காரணத்துக்கு.

தொற்று போய்விட்டது, இல்லிருப்புக் கற்றல் போகவில்லை. அமைச்சுக்குப் பிடித்துப்போய்விட்டது. பள்ளியை மூட வேண்டிய எந்தச் சங்கடத்துக்கும் இப்போது ஒரே மருந்து: வீட்டிலிருந்து படி. 2023 அக்டோபரில் புகைமூட்டம் சூழ்ந்தபோதும் காற்று மாசுக் குறியீடு 200 ஆனால் பள்ளியை மூடுவோம், பாடம் வீட்டில் நடக்கும் என்றார்கள். புகை பள்ளிக்குள்தான் நுழையும், குளிரூட்டி இல்லாத மலிவு விலை வீட்டின் சன்னல் வழியே நுழையாது என்று யாரோ ஆய்வு செய்திருக்க வேண்டும்.

வெள்ளத்துக்கும் அதே மருந்துதான். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தோம், கூரைமேல் நின்றவர்களைப் படகு வைத்திருந்த அக்கம்பக்கத்தார் வந்து காப்பாற்றினார்கள். வெள்ளம் வந்தால் பள்ளிகள் நிவாரண மையமாகும். வீடு மூழ்கிய குடும்பங்கள் வந்து வகுப்பறையில் பாய் விரிக்கும். பள்ளி நிவாரண மையமாக இருப்பதால் மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடம் படிக்கவும் என்று அறிவிப்பு வரும். அதை ஒரு மாணவன் தன் சொந்த வகுப்பறையில், தன் மேசைக்குப் பக்கத்தில், அம்மாவின் பாயில் உட்கார்ந்து படிப்பான். ஆசிரியை அங்கே வந்து பாடம் நடத்த முடியாது. சுற்றறிக்கைப்படி அவன் இருக்க வேண்டிய இடம் தண்ணீருக்கு அடியில்.