ஸ்போர்ட்ஸ் கார் என்பது யாதெனின்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது என்றொரு கருத்து நெடுநாளாக உலவுகிறது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள்; பாசிக்குடாவுக்குப் போகும் வழியில் கண்ணாடியை இறக்காமலே முடிவுக்கு வந்தவர்கள். இறக்கியிருந்தால் காதில் விழுந்திருக்கும். அவர்களை மறுக்க எழுந்தது இக்கட்டுரை.

முதலில் இலக்கணம். ஸ்போர்ட்ஸ் காருக்குத் தமிழில் நூற்பா எதுவும் இல்லாத குறையை நானே தீர்த்துக்கொண்டேன்:

இருவர்க்கு மேற்படா இருக்கையிற் றாகி
மேற்கூரை இன்றி மிகுமொலி உடைத்தாய்
இல்லோர் வெறுப்ப ஈடுவைத்து வாங்கிக்
காற்றுமுகத் தறையச் செல்வது
வேட்கைக் காரென விளம்பல் தகுமே.

இதன் பொருள் வெளிப்படை. ஆயினும் உரையில்லாத நூற்பாவை எங்கள் பக்கம் ஒருவரும் மதிப்பதில்லை. 'இருவர்க்கு மேற்படா' என்றது, ஓட்டுபவனும் அவனைத் தடுக்க ஏறியவரும் ஆகிய இருவரை. 'மிகுமொலி' என்றது, ஆள் தெரியுமுன்னே சத்தம் தெரியும் என்றவாறு. 'இல்லோர்' என்பது இங்கே வறியவர் அன்று, வீட்டிலுள்ளோர். வாங்கிய பின் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் எப்பொருள் கொண்டாலும் அமையும். 'ஈடுவைத்து' என்றதனால் கைக்காசுக்கு வாங்கும் வேன், பட்டா லொறி முதலியன விலக்கப்பட்டன.

இந்த ஐந்தடிக்கும் பிசகாமல் பொருந்துகிற வண்டி வாவிக்கரையில் ஒன்றுண்டு. அரசாங்கத் தாள்களில் அதற்கு இருசக்கர உழவு இயந்திரம் என்று பெயர். ஊரில் லேண்ட்மாஸ்டர். இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு ரகத்தின் பெயர் அது. அந்த ரகம் மறைந்து, ஜப்பான்காரனின் குபோட்டாவும் பிறகு சீன இயந்திரங்களும் வந்தன. பெயர் மட்டும் வயலை விட்டுப் போகவில்லை.

அற்றேல், லேண்ட்மாஸ்டரின் பெட்டியில் இருபது பேர் ஏறுகிறார்களே, அது எப்படி இருவர்க்கு மேற்படா வண்டியாகும் எனின், அவர்கள் பயணிகள் அல்லர், சுமை என்க. இருக்கை என்பது பெட்டியின் முன்பலகை. அதில் இரண்டு பேர் இருக்கலாம். மூன்றாமவர் இருந்தால் ஒருவர் விழுவார்.

அது உழவு இயந்திரம், இது பந்தயக் குலம், இரண்டையும் ஒன்றாகக் கட்டலாமா என்று கேட்பார் உளர். குலம் விசாரிக்கத் தொடங்கினால் அவர்களுக்குத்தான் சங்கடம். இத்தாலியில் பெருச்சியோ லம்போர்கினி 1948இல் தொடங்கியது டிராக்டர்த் தொழில். கார்க் கம்பனி 1963இல்தான் வந்தது. அவர் வைத்திருந்த பெராரியின் கிளச் ஓயாமல் பழுதாக, அதை என்சோ பெராரியிடமே போய்ச் சொன்னாராம். டிராக்டர்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று பதில் வந்ததாம். அந்த ரோசத்தில் பிறந்ததே லம்போர்கினி கார் என்று கதை. சினிமாவில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5இல் வரும் 'டிபி', டேவிட் பிரவுன் என்பவரின் முதலெழுத்துகள்; 1947இல் அந்தக் கம்பனியை வாங்கிய அவரும் டிராக்டர் செய்தவர்தான். போர்ஷே என்ற பெயரைத் தாங்கிய சிவப்பு டிராக்டர்கள் ஜெர்மனியில் 1956 முதல் 1963 வரை செய்யப்பட்டன. ஆக, ஸ்போர்ட்ஸ் கார் என்பது வயலை விட்டு ஓடிப்போன டிராக்டர். நாங்கள் ஓடிப்போகாத கிளையை வைத்திருக்கிறோம்.

லம்போர்கினியின் சின்னம் காளைமாடு. அவர் பிறந்தது 1916 ஏப்ரல் 28. மேற்கத்தியக் கணக்கில் ரிஷப ராசி, அதனால் காளை. நம் பஞ்சாங்கப்படி அது சித்திரையின் நடுப்பகுதி, சூரியன் மேஷத்தில். எங்களூர்ச் சாத்திரியார் பார்த்திருந்தால் காரின் மூக்கில் ஆட்டுக்கடா நின்றிருக்கும். இந்தச் சிறு பிழையை அவர்கள் திருத்திக்கொள்வதாகத் தெரியவில்லை. போகட்டும். காளையிலும் எங்களுக்குத்தான் மூப்பு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் கல் நந்தி, கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயர் முன்னிலையில் புல்லைத் தின்று சாணமிட்டு எழுந்து உதைத்தது என்பது ஐதீகம். நின்ற இடத்திலிருந்து ஓர் உதைக்கு ஆன நேரம் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் இத்தாலியர் வெட்கப்பட்டிருப்பர்.

இனிக் கள ஆய்வு.

2012இல் மாரி வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு நான் என் முதல் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்: எங்களூரில் வேளாண்மை என்றால் நெற்பயிர். வேளாண்மை வெட்டுவோம், வேளாண்மைக்குக் காவல் இருப்போம். முந்தின வருடம் தை மாத வெள்ளம் வேளாண்மையை அப்படியே கொண்டுபோயிருந்தது. அடுத்த போகம் கைக்கு வந்ததும் புத்தியுள்ளவன் கடனை அடைப்பான். நான் மனைவியின் அட்டியலை ஈடு வைத்து, நெல் விற்ற காசையும் சேர்த்துக்கொண்டு, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் புறப்பட்டேன்.

விற்றவர் ஆரையம்பதிப் பக்கம், எனக்கு மாமா முறை. பழைய போடியார் குடும்பம். வயல் குறைந்த பின்னும் மீசை குறையாதவர். "ஒரே கை ஓட்டின மிசின் மருமகன்" என்றார். மட்காட்டைச் சுரண்டிப் பார்த்தேன்: சிவப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை. ஒரே கை ஓட்டியிருக்கலாம். பல கை பூசியிருக்கிறது. விலை பேசுகையில் நடுவில் தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணி குடித்த பின் விலை குறைத்துக் கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லை. அதை அறிந்தே அவர் சீக்கிரம் வரவழைத்தார் என்பது என் துணிபு.

ஸ்டார்ட் செய்யும் முறையை அவரே காட்டினார். இடது கையால் அமுக்கம் விடுகிற சின்னத் தண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். சுற்று வேகம் பிடித்ததும் தண்டை விட வேண்டும். ஹேண்டிலைப் பெருவிரல் கொடுத்து வளைத்துப் பிடிக்கக் கூடாது. நான்கு விரலோடு ஐந்தாவதும் ஒரே பக்கம் கிடக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் வளைத்த விரல் முறிந்துவிடும். மூன்றாம் சுற்றில் புகைக்குழாய் ஒரு கரும் மூச்சு விட்டது. பிறகு டுக், டுக், டுக். கோழிகள் வேலி தாண்டின. ஒற்றைச் சிலிண்டர், லம்போர்கினிக்குப் பன்னிரண்டு. ஆனால் அதில் பன்னிரண்டும் கலந்து ஒரே உறுமலாகிவிடும், எது எந்தச் சிலிண்டர் என்று சொல்ல ஏலாது. இதில் ஒவ்வொரு வெடியையும் தனித்தனியே, விலாவில், எண்ணி வாங்கலாம்.

கருவிப் பலகை பற்றியும் குறிப்பிட வேண்டும். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் தலை சிவந்த ஒரு குச்சி மிதக்கும். தண்ணீர் கொதித்து ஆவியாக ஆக அது தாழும். கருவிப் பலகை முற்றிற்று. மூக்கு நீளத்திலும் குறையில்லை. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் நீண்ட முன்புறத்தை வியந்து எழுதாத கார்ப் பத்திரிகை இல்லை. லேண்ட்மாஸ்டரில் எஞ்சின் ஓரிடம், ஓட்டுநர் வேறிடம். நடுவில் இரண்டு நீண்ட கைபிடிகள், அவற்றினிடையே நிலம் ஓடுவது தெரியும்.

வண்டியை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குக் கொண்டுபோக மண்முனைத் துறையில் பாதை ஏற்ற வேண்டும். இங்கே 'பாதை' என்றது வழியை அன்று. ஆளும் சைக்கிளும் வண்டியும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டை மிதவைக்கு எங்களூரில் பெயர் பாதை. பிற ஊர்களில் பாதை கிடக்கும், வண்டி ஓடும். எங்களூரில் வண்டி நிற்கும், பாதை ஓடும்.

துறைக்கு இறங்கும் சரிவில்தான் இந்த ஆய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. லேண்ட்மாஸ்டருக்கு ஸ்டீயரிங் வளையம் இல்லை. இரண்டு கைபிடியிலும் ஒவ்வொரு கிளச். இடது கிளச்சைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு எஞ்சின் விசை அறும். அந்தச் சக்கரம் பின்தங்க, வண்டி இடப்பக்கம் கிறுகும். இது சமதரை விதி. இறக்கத்தில் அப்படியில்லை. அங்கே எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, தடுக்கிறது. இடது கிளச்சைப் பிடித்தால் இடது சக்கரம் அந்தத் தடையிலிருந்து விடுபட்டு முன்னால் ஓடும். வண்டி வலப்பக்கம் கிறுகும். மாமா இதைச் சொல்லவில்லை. தேத்தண்ணிதான் தந்தார்.

பாதை எனக்கு ஒள்ளுப்பம் இடப்பக்கமாக நின்றது. இடது கிளச்சைப் பிடித்தேன். வண்டி வலப்பக்கம், கண்ணா மரங்களை நோக்கித் திரும்பியது. பிழை திருத்த இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அது இன்னும் உறுதியாகக் கண்ணாவை நோக்கிப் போனது. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். பாதைக்காரர் கத்தினார்: "மற்றப் பக்கம் கிறுக்கு மனே!"

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி வேண்டியிருக்கிறது. கிறுகு என்றால் திரும்பு. மட்டக்களப்பார் நாவில் நாள்தோறும் புழங்கும் சொல். அதன் பிறவினை கிறுக்கு. திருப்பு என்று பொருள். கிறுக்குக்குப் பைத்தியம் என்றும் பொருளுண்டு. அவர் அன்று என்னை ஏவினாரா ஏசினாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

வலது சக்கரம் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கித் தள்ளினார்கள். மீன்காரப் பெண் தள்ளவில்லை. எப்படித் தள்ள வேண்டும் என்று சொன்னாள். பாதையில் ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். முன்பலகையில் நனைந்த சாரத்தோடு இருந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. நூற்பாவின் நான்காம் அடி நிறைவேறியது. வேகம் மட்டும் பாதையுடையது.

வீடு சேர்ந்ததும் இரண்டாம் பிரச்சினை. எங்களூர் வழமையில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை வந்து சேர்கிறவன். ஆகவே என் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கப் போவது மாமியின் வளவில். மாமி வாசலில் நின்று அதை மூக்கிலிருந்து பெட்டி வரை பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டார். "என்ன கா இது? அட்டியலாலயா இந்தச் சத்தம் வருது?" மாமரத்துக்குக் கீழே நிறுத்தலாம், ஆனால் எண்ணெய் ஒழுகக் கூடாது என்று தீர்ப்பானது. எண்ணெய் ஒழுகியது. அதன் கீழே வைக்கப்பட்ட பழைய தாச்சி இன்றும் அதே இடத்தில் கிடக்கிறது.

இரண்டு ஆண்டுகளில், 2014இல், ஜப்பான் உதவியில் மண்முனையில் 210 மீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். பாதை நின்றது. எனக்கு அது வேறு வகையில் முக்கியம். வாவிக்கரையில் மலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை வயல் வட்டை. பாலத்தின் மேடுதான் எங்கள் மலை. ஏறும்போது இடது கிளச் இடம், உச்சி தாண்டியதும் அதே கிளச் வலம். ஐரோப்பியர் இப்படியொரு கிளுகிளுப்புக்கு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறார்கள் என்று கேள்வி. நாங்கள் நெல் மூட்டையோடு போய்வருகிறோம்.

அரசின் அங்கீகாரத்தையும் சான்றாகத் தரலாம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கென்று தனி வகுப்பு இல்லை. ஆல்டோவோடு சேர்த்து பி வகுப்பில் போட்டுவிட்டார்கள். லேண்ட்மாஸ்டருக்குத் தனி வகுப்பு உண்டு: ஜி1. இதற்கு மேல் என்ன வேண்டும்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் மறுபடி இறங்க 2025 பெப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், மாமியே ஒருநாள் மாமரத்தடிக்கு வந்து, "இதையும் விலைக்குக் கேக்கிறானுகளா மனே?" என்றார். மறுகா, 2022இல் கியூஆர் குறியீடு காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்தபோது, ஊர் முழுதும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என் பெட்டியில்தான் போனது. சுமை என்று மேலே சொன்னவர்கள் இவர்களே.

ஓர் ஆய்வு மட்டும் தோற்றது. நல்ல ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் பாடும் என்பார்கள். எங்கள் வாவியிலோ மீனே பாடும். விபுலாநந்த அடிகள் அதை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடிவைத்தார். இரண்டு இசையையும் ஒரே இரவில் ஒப்பிட எண்ணி, ஒரு பறுவத்தன்று லேண்ட்மாஸ்டரில் கல்லடிக்குப் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. 1924இல் கட்டிய பழைய பாலத்தடியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, மீன்பிடிக்கிற ஒரு பெரியவரின் தோணியில் ஏறினேன். முறைப்படி துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியில் காதை வைத்தேன். நிலவு தண்ணீரில் கிடந்தது. காற்றில்லை.

டுக், டுக், டுக் என்று கேட்டது.

காதை மாற்றி வைத்தேன். அதே டுக், டுக். துடுப்பை எடுத்துவிட்டுக் கேட்டேன். அப்போதும் அதுதான்.

பெரியவரிடம் ஏதாவது கேட்கிறதா என்றேன். அவர் கரையில் நின்ற என் வண்டியை ஒருமுறை பார்த்தார்.

"நீ வந்த சத்தத்துக்கு அதுகள் இப்ப ஏறாவூர் தாண்டியிருக்கும் மனே."