கெணத்துக்காட்டுப் பெரியப்பா

பேரையூரில் எந்த டீக்கடை பெஞ்சிலும் இவரைப் பார்க்கலாம். பெயர் எதற்கு? தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். முறைக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது இரண்டு ஏக்கர் கரிசல். ஒன்று பாட்டன் வழி, ஒன்று சுயசம்பாத்தியம். நடுவில் கிணறு. கொடுத்திருப்பதைக் கூட்டிப் பார்த்தால் பதினாலு ஏக்கர் வருகிறது.

முதுகுக்குத் தைலம் தேய்த்தால், "எனக்கப்புறம் கெணத்துக்காடு ஒனக்குத்தான்டா ராசா." ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மருமகனுக்கும் அதே காடு. மகள் கறிக்குழம்பு கொண்டுவரும் ஞாயிற்றுக்கிழமை காடு அவள் பக்கம் போகும். உப்புக் கரித்தால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும். இத்தனைக்கும் பாட்டன் நிலத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு என்று 2005 சட்டத்திருத்தம் சொல்லி, 2020இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. அவள் பங்கையே அவளுக்கு வாக்குக் கொடுத்துக் கறி தின்கிற ஆள்!

"ஒரு பேப்பர்ல எழுதிருவமா பெரியப்பா?" என்றால் முகம் சுண்டிப்போகும். மேற்கே கையை நீட்டுவார். "சதுரகிரியில சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் ரெண்டு பேரும் சாட்சிடா!"

சாட்சி எண்ணிக்கை சரிதான். 1925ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவு, உயிலுக்குக் கேட்பதும் இரண்டு சாட்சிதான். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், சாட்சிகள் மலையை விட்டு இறங்கிவந்து கையெழுத்துப் போட வேண்டும். பதிவுகூடக் கட்டாயமில்லை, வெள்ளைத்தாள் போதும். உயிரோடு இருக்கும்போதே தானமாகக் கொடுப்பதென்றால்தான் பத்திர ஆபீஸ் போயாக வேண்டும். வாயாலேயே உயில் சொல்லும் சலுகை, போர்முனைச் சிப்பாய்க்கும் கடலில் இருக்கிற மாலுமிக்கும் உண்டு. பெரியப்பா பார்த்த கடல் எங்கள் ஊர்க் கண்மாய். பெரியம்மாவோடு நடப்பது போரில் சேராது என்று வக்கீல் கைவிரித்துவிட்டார்.

பாய்மார் வீட்டில் 'ஹிபா' என்று வாயால் கொடுத்தாலும் செல்லும். அங்கேயும் சொத்தைக் கையில் ஒப்படைத்தாக வேண்டும். இவர் மோட்டார் ரூம் சாவியையே தர மாட்டார்.

போன மாசம் வெள்ளைத்தாள், பேனா, இரண்டு சாட்சி சகிதம் நானே போனேன். "வந்தவுகளுக்கு டீ சொல்லுடா" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பினால், சாட்சி ஒருவரின் தோளில் கை போட்டிருக்கிறார். காதில் விழுந்த கடைசி வார்த்தை, "...கெணத்துக்காடு."