ஆட்டோ மேல் ஒரு வீடு

கேள்வி: பெரிய கேரவனை விற்றுவிட்டுச் சின்னதற்கு மாறலாமா? தரத்தை எப்படி அறிவது?
(விருத்தாசலம் வாசகர்)

பதில்: தாராளமாக! நாமக்கல் மாவட்டத்து அருண் பிரபு, பழைய ஆட்டோ ஒன்றின் மேல் 36 சதுர அடியில் படுக்கை, சமையலிடம், கழிப்பறையோடு வீடே கட்டினார். செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். 2021இல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவே பாராட்டினார்.

பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரருக்குத் தரம் காதிலேயே தெரியும். ஜாடியைத் தட்டுவதுபோல் வண்டிச் சுவரையும் தட்டட்டும். ஊறிய பலகை மந்தமாக ஒலிக்கும்.

வீட்டு வண்டிக்கு எமன் தண்ணீர்தான். கூரை மூலை, சன்னல் ஓரம், குளியலறைத் தரையை விரலால் அழுத்த வேண்டும். அமுங்கினால் பேரமே வேண்டாம். மழை நாளில் போய்ப் பார்ப்பது உத்தமம்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எடை வரம்புக்குள் இருக்கிறதா என்று வண்டியை எடைமேடையிலும் ஏற்றிப் பார்த்துவிடலாம்: 100 லிட்டரே 100 கிலோ!