பன்னிரண்டு ஃப்ரேமுக்கு ஒரு தட்டு

1988-இல் கோடம்பாக்கத்து ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங்) தியேட்டர் ஒன்றில், வயலின் வரிசையின் கடைசி நாற்காலி என்னுடையது. எதிரே திரை, அதன் கீழே அடிக்கணக்கு காட்டும் எண்கள். படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரீல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் எங்கே தொடங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதெல்லாம் இசையை நடத்தும் மாஸ்டர் கையில் ஒரு தாளில் பென்சிலால் எழுதியிருக்கும்.

ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. 213-ஆவது அடியில் கதவு திறக்கிறது. 240-இல், வாசலில் நிற்கும் மகன் முகத்தை அம்மா பார்க்கிறாள். நடுவே 27 அடி. 432 ஃப்ரேம், 18 விநாடி. 12 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு என்று கிளிக் வைத்தால் 36 தட்டு. நாலு நாலாக ஒன்பது பார். கணக்கு கச்சிதம். நோட்ஸும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஒத்திகையில் எல்லாம் சொன்ன இடத்தில் விழுந்தது. ஆனால் அந்த அம்மா மட்டும் எங்களோடு சேராமல் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கையைத் தாழ்த்தினார். "நோட்ஸைப் பாத்தது போதும்ப்பா. அந்த அம்மா காலைப் பாருங்க."

ரீலை மறுபடி ஓட்டினார்கள். தளர்ந்த நடை. ஒரு எட்டு வைக்க 16 ஃப்ரேம். ஓர் அடி ஃபிலிமில் இருப்பதும் 16 ஃப்ரேம்தான். ஆகவே 27 அடிக்கு 27 தட்டு. மூன்று மூன்றாக, அதே ஒன்பது பார். ஸ்டாண்டிலேயே வைத்து நோட்ஸைத் திருத்திக்கொண்டோம். அடுத்த டேக்கில் அவள் நடந்தாள், நாங்களும் கூடவே நடந்தோம்.

இன்னொன்றும் செய்தார். மகனைப் பார்க்கும் இடத்தில் விழ வேண்டிய ஸ்வரத்தை இரண்டு ஃப்ரேம் தள்ளி வைத்தார். ஒரு ஃப்ரேம் கழிவதற்குள் ஒலி சுமார் 14 மீட்டர்தான் போகும். தூரத்துச் சத்தம் பிந்தி வருவது காதுக்குப் பழக்கம். முந்தி வந்தால்தான் உறுத்தும். அன்று கற்றதை இன்றுவரை விடவில்லை.

1989-இல் அட்டாரி கம்ப்யூட்டருக்கு க்யூபேஸ் என்ற இசை மென்பொருள் வந்தது. 1992-இல் 'ரோஜா' பட இசை வந்த பிறகு, கீபோர்டும் கம்ப்யூட்டரும் இல்லாமல் இனி முடியாது என்று எங்களில் பலருக்கும் தோன்றிவிட்டது. நானும் வயலினோடு ப்ரோக்ராமிங் கற்றுக்கொண்டேன். காட்சியை வீடியோ கேசட்டில் கொடுப்பார்கள். ஃபிலிம் விநாடிக்கு 24 ஃப்ரேம், நம் ஊர் வீடியோ 25. ஒருமுறை, 25-இல் ஓட்டி எடுத்த கேசட் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேசட்டில் அந்த ரீல் 9 நிமிடம் 36 விநாடி. அதற்கு இழைத்து இழைத்து இசை சேர்த்தேன். தியேட்டரில் ஃபிலிம் பத்து நிமிடம் ஓடியது. இசை தீர்ந்து 24 விநாடி கழித்துத்தான் காட்சி தீர்ந்தது. இன்றைக்கும் வீடியோ வந்ததும் முதல் கேள்வி, ஃப்ரேம் ரேட் என்ன என்பதுதான்.

இப்போது வேலை வீட்டு அறையில். வீடியோவை இழுத்து டிராக்கில் போட்டால் போதும். கதவு திறக்கும் இடத்தில் ஒரு மார்க்கர், முகம் திரும்பும் இடத்தில் ஒன்று. பார் கோட்டை மவுஸால் பிடித்து மார்க்கர்மேல் வைத்தால், டெம்போ தானே 91.9 என்றோ 87.35 என்றோ மாறிக்கொள்ளும். பொருந்தாத இடமே இல்லை. அன்று நிறுத்த முடியாத படத்துக்கு வாசித்தோம். இன்று படம்தான் நிற்பதில்லை. நான்காவது எடிட், ஐந்தாவது எடிட் என்று வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் சில ஃப்ரேம் குறைந்தோ கூடியோ. இளைய ப்ரோக்ராமர்கள் ஒவ்வொரு முறையும் டெம்போவை இழுத்து ஒட்டுகிறார்கள். மார்க்கர் எல்லாம் பொருந்துகிறது, இசை நொண்டுகிறது. அதைக் கேட்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. டெம்போ என்பது அந்தக் காட்சியில் இருக்கும் மனுஷனின் மூச்சு. அதை இழுக்கக் கூடாது. தட்டைக் குறைக்கலாம், ஒரு மௌனம் வைக்கலாம்.

போன வாரம் ஒரு காட்சி. கிழவர் ஒருவர் மாடிப்படி ஏறுகிறார். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, தொடையில் தட்டிக்கொண்டே மூன்று முறை பார்த்தேன். படிக்கு 18 ஃப்ரேம், டெம்போ 80. எழுதி முடித்த மறுநாள் புது எடிட் வந்தது. இரண்டு படிகள் போயிருந்தன, 36 ஃப்ரேம். டெம்போவைத் தொடவில்லை. நடுவில் நாலு தட்டு பார் ஒன்றை இரண்டு தட்டாக்கினேன். பிறகு அலமாரியிலிருந்து வயலினை எடுத்து, சுருதி சேர்த்து, மைக்கை நெருக்கி வைத்து, கடைசி எட்டு பாரை மட்டும் நானே வாசித்தேன். கிழவர் கதவில் கை வைத்து இரண்டு ஃப்ரேம் கழித்து என் வில் இறங்கியது.